அத்தை பிரித்துப் பூட்டிய கார்புரேட்டர்

எண்பதுகளின் நடுவில், நான் நான்காம் வகுப்பு முடித்திருந்த கோடை விடுமுறையில், குவைத்திலிருந்து என் மாமாவும், அவரைத் தொடர்ந்து லாரி ஒன்றில் அவருடைய காரும் கம்பைநல்லூருக்கு வந்து சேர்ந்தார்கள். அம்மாவின் தம்பி அவர். குவைத்தில் ஒரு பட்டறையில் கார்களுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார். பட்டறை முதலாளி தனக்குச் சலித்துப்போன பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை இவருக்கே கொடுத்துவிட்டாராம். சிவப்பு நிறம், இரண்டே கதவு, தரையை உரசுகிற வயிறு. எங்கள் தெருமுனை மேட்டில் அது தட்டி நின்றபோது, தெருவே கூடித் தூக்கித்தான் வாசலுக்குக் கொண்டுவந்தது.

மாமாவின் மனைவி, என் அத்தை, அதை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, "ஆமையாட்டம் இருக்குது" என்று சொல்லி உள்ளே போய்விட்டாள். அதன் பிறகு அந்தப் பக்கம் திரும்பவில்லை.

கல்யாணமான மறு மாதமே விமானம் ஏறியவர் மாமா. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருவார். வந்திருக்கிறார் என்று ஊருக்குத் தெரிவதற்குள் போய்விடுவார். அத்தை கன்னியர் மடத்தில் பெண்களுக்குத் தையல் சொல்லிக்கொடுத்துக்கொண்டு எங்கள் பக்கத்து வீட்டில் இருந்தாள். இந்த முறையும் கதை அதேதான். பெங்களூரில் ஒருவர் காரை வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். விற்றுவிட்டு மாமா திரும்பவும் கிளம்புவதாக ஏற்பாடு.

ஆனால் கார் ஓடவில்லை. சாவியைத் திருகினால் முனகும், பெட்ரோல் வாடை தெருவையே தூக்கும், பிறகு அடங்கிவிடும். தருமபுரியிலிருந்து வந்த லாரி மெக்கானிக் பானெட்டைத் திறந்து வெகுநேரம் பார்த்தார்.

"இதுல பிஸ்டன் எங்கீங்க இருக்குது?"

"பிஸ்டனே கிடையாதுங்க" என்றார் மாமா.

மெக்கானிக் பானெட்டை மரியாதையாக மூடிவிட்டு அடுத்த பஸ்ஸில் ஊர் திரும்பினார்.

வேறு வழியில்லாமல் மாமாவே கார்புரேட்டரைக் கழற்றினார். வெளிநாட்டில் கார் பட்டறையில் இருந்தவருக்கு இது தெரியாதா என்று நாங்கள் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம். வாசலில் ஒரு பழைய வேட்டியை விரித்து, கழற்றிய ஒவ்வொன்றையும் மண்ணெண்ணெயில் கழுவி வைத்தார். விரல்நகம் அளவு பித்தளைத் திருகுகள், ஸ்பிரிங்குகள், தகடுகள் என்று வேட்டி நிறைந்துவிட்டது. துவைத்த துணி வாளியோடு அந்தப் பக்கம் வந்த அத்தை நின்றாள்.

"இத்தனையும் எப்டிங்க திரும்ப மாட்டுவீங்க?"

மாமா தலை நிமிரவில்லை. "தெர்லியே" என்றார். "எனக்கு பெயிண்ட் வேல மட்டுந்தான் தெரியும்."

அத்தை வாளியை இறக்கி வைத்துவிட்டு வேட்டியின் எதிர்ப்பக்கம் உட்கார்ந்தாள். அன்றைய துணிகள் வாளிக்குள்ளேயே காய்ந்தன.

"மொதல்ல இது என்ன பண்ணுதுன்னு சொல்லுங்க."

மாமா சொன்னார். மற்ற வண்டிகளின் என்ஜின் உலக்கை மாதிரி மேலும் கீழும் குத்தும்; இது ஆட்டுக்கல் மாதிரி சுற்றும். ஆட்டுக்கல்லுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக அரிசியைத் தள்ளிவிடுகிற கைதான் கார்புரேட்டர். கை அதிகமாகத் தள்ளினால் என்ஜின் திக்குமுக்காடும். அத்தை தலையாட்டினாள். அவள் இவ்வளவு நேரம் மாமாவின் பேச்சைக் கேட்டு நான் பார்த்ததில்லை. மாமா இவ்வளவு நேரம் பேசியும் பார்த்ததில்லை.

எது எங்கே இருந்தது என்பதை அத்தை கறைகளை வைத்தே கண்டுபிடித்தாள். கட்டம் போட்ட துணியில் கட்டத்தோடு கட்டம் சேர்ப்பதுபோல, இந்தத் தகட்டின் அழுக்கு அந்தத் தகட்டின் அழுக்கோடு சேருகிறதா என்று வைத்துப் பார்ப்பாள். இரண்டு தகடுகளுக்கு நடுவே வைக்கும் பேக்கிங் எல்லாம் தொட்டால் உதிர்ந்தது. அப்படி ஒன்று பெங்களூரில்கூடக் கிடைக்காது என்றார் மாமா. தருமபுரியில் லாரிக்கு வெட்டும் பேக்கிங் தாளை வாங்கிவரச் சொன்னாள் அத்தை. எண்ணெய் தடவிய உலோகத்தை அதில் அழுத்தினாள். ஓட்டை ஓட்டையாக அச்சு விழுந்தது. எம்பிராய்டரி கத்தரிக்கோலால் அதன் ஓரமாகவே வெட்டிக்கொண்டு போனாள். மாமா மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லாம் பூட்டி முடித்து மாமா சாவியைத் திருகினார். அதே முனகல், அதே வாடை. பெட்ரோல் வழிந்து பிளக்கெல்லாம் நனைந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை பெங்களூர்க்காரர் வருவதாக இருந்தது, அன்று வெள்ளிக்கிழமை. மாமா ஸ்பேனரை வேலியோரம் எறிந்துவிட்டு டீக்கடைப் பக்கம் போய்விட்டார்.

அத்தை ஸ்பேனரை எடுத்துத் துடைத்தாள். தானே மேல்மூடியைக் கழற்றினாள். உள்ளே, பெட்ரோல் நிறைந்ததும் மிதந்து எழுந்து அது வரும் வழியை அடைக்க வேண்டிய பித்தளை மிதவை ஒன்று இருந்தது. அதைக் காதருகே வைத்து ஆட்டினாள். என் காதருகேயும் ஆட்டினாள். இளநீருக்குள் தண்ணீர் ஆடுவதுபோல மெல்லிய சத்தம் கேட்டது. பிறகு அதைத் துடைத்து, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டாள்.

மாமா திரும்பி வந்ததும், "ஒருக்கா இத மட்டும் ஆட்டிப் பாருங்களேன்" என்றாள். ஆட்டிய மாமாவின் முகம் மாறியது. "ஓட்டையாயிருக்குது! அதான் மிதக்காம முழுகிப்போவுது!"

"அப்டீங்களா" என்றாள் அத்தை.

உங்களுக்குத்தான் முன்பே தெரியுமே என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். அத்தை என் தொடையில் கிள்ளினாள்.

வெந்நீரில் முக்கியபோது குமிழி வந்த இடம் தெரிந்தது. ரேடியோ ரிப்பேர் கடையில் ஈயம் வைத்து அதை அடைத்தார்கள். சனிக்கிழமை சாயங்காலம் கார் ஒருமுறை இருமி, புகை கக்கி, பெரிய வண்டு ரீங்கரிப்பதுபோல ஓட ஆரம்பித்தது. தெருவே கைதட்டியது. அந்தக் காரில் ஸ்டியரிங் இடப்பக்கம். மாமா அங்கே உட்கார, வலப்பக்கம் அத்தை. இருக்கைகளுக்குப் பின்னால் இருந்த சந்தில் நான். கடைத்தெருவில் எதிரே வந்தவர்கள் வழக்கம்போல வலப்பக்கம் பார்த்து, அத்தைதான் கார் ஓட்டுகிறாள் என்று நினைத்து ஒதுங்கி நின்றார்கள். சைக்கிளில் வந்த ஒருவர் இறங்கியே விட்டார். அத்தை சிரிக்காமல் நேராகப் பார்த்தபடி, கையை முன்னால் நீட்டி ஓட்டுகிற மாதிரி வைத்துக்கொண்டாள். மாமா சிரித்த சிரிப்பில் கார் இரண்டு முறை குலுங்கியது.

ஞாயிறு பூசை முடிந்து வந்தபோது பெங்களூர்க்காரர் காத்திருந்தார். ஓட்டிப் பார்த்தார். என்ஜின் சத்தத்தைக் கண்ணை மூடிக் கேட்டார்.

"கார்புரேட்டர யாரு பண்ணது?"

"நானும் எம் பொண்டாட்டியும்" என்றார் மாமா.

"நல்லாருக்குதுங்க. இன்னைக்கே எடுத்துக்கறேன்."

மாமா கார் மேல் கை வைத்தபடி நின்றார். "மன்னிச்சிக்கணுங்க. விக்கறதா இல்ல."

"இவ்ளோ தூரம் வரவச்சிட்டு இப்டி சொன்னா எப்டிங்க?"

"நேத்து வரைக்கும் விக்கறதாத்தான் இருந்தேன். நான் இனிமே வெளிநாடு போவல. காப்பி சாப்ட்டுட்டுப் போங்க."

காப்பித் தட்டோடு வந்த அத்தை அதை அப்படியே என் அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். நான் பின்னாலேயே போனேன். அடுப்படிச் சுவரில் சாய்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். எனக்கு மாமா மேல் கோபம் கோபமாக வந்தது. பாவம், காரை விற்பதற்காக எவ்வளவு பாடுபட்டாள்.

"அழுவாதீங்க அத்த. நான் மாமாகிட்டச் சொல்லி வித்துடச் சொல்றேன்."

அத்தை அவசரமாக என்னை இழுத்து அணைத்து, என் வாயைப் பொத்தினாள். "சொல்லிக்கில்லி வெச்சிடாத, சாமி" என்றாள்.

நான் சொல்லவில்லை. ஆனால் அத்தைக்காக அந்த விடுமுறை முடியும்வரை மாமாவோடு பேசாமல் இருந்தேன். அவர்கள் இருவரும் எத்தனையோ முறை கூப்பிட்டும் காரில் ஏறவில்லை.