கண்ணாடி இல்லாத வாரம்

என் அம்மா சாதாரணமாகப் பொய் சொல்ல மாட்டாள். கல்யாண விஷயத்தில் மட்டும் அந்த விரதத்தைத் தளர்த்திக்கொள்வாள். "ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணுன்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க" என்பாள். அந்த ஆயிரத்தில் ஒரு பொய் என் மூக்கின் மேல் உட்கார்ந்திருந்தது.

தொண்ணூறுகளின் கடைசியில் நடந்தது இது. விளாங்குடியில் வீடு. டவுனில் ஒரு சந்துக்குள் இருந்த அச்சகத்தில் எனக்குப் பிழை திருத்தும் வேலை. பெரும்பாலும் கல்யாணப் பத்திரிகைகள்தான் வரும். ஊரான் வீட்டுக் கல்யாணத்தையெல்லாம் ஒற்றெழுத்து முதற்கொண்டு சரிபார்த்து அனுப்பியவனுக்கு முப்பதை நெருங்கியும் பெண் அமையவில்லை. கண்ணாடிதான் காரணம். பக்கத்தில் வைத்துப் படித்தால் பொடி எழுத்தும் எனக்குத் தெரியும். கை நீட்டும் தூரத்தைத் தாண்டினால் எல்லாம் தண்ணீரில் விழுந்த மை போலக் கலைந்துவிடும். அதற்காகப் போட்டிருந்தது நல்ல கனமான சோடாபுட்டி. இரண்டு வீடுகளில் பஜ்ஜியும் கேசரியும் தின்றுவிட்டு வந்தோம். இரண்டு இடத்திலிருந்தும் "பையனுக்குக் கண்ணுதான் கொஞ்சம்..." என்று பதில் வந்தது.

மூன்றாவது வரனை அக்கா வீட்டுக்காரர் கொண்டுவந்தார். நான் அவரை மச்சான் என்பேன், அவர் என்னை மாப்ள என்பார். பெண்ணுக்கு அலங்காநல்லூர்ப் பக்கம். ஆரப்பாளையத்தில் தாய்மாமா வீட்டில் தங்கி ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தாள். வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்றால் தெருவே பேசும். பெண்ணுக்கும் மனசு நோகும். அதனால் இரண்டு வீட்டாரும் முதலில் எதேச்சையாகச் சந்திப்பது என்று முடிவானது. எதேச்சைக்கு மூன்று நாட்களை மச்சான் குறித்துக் கொடுத்தார். செவ்வாய்க்கிழமை நாடகம், வெள்ளிக்கிழமை சினிமா, ஞாயிற்றுக்கிழமை பெண்ணின் தம்பி ஆடும் ஃபுட்பால் மேட்ச். ஞாயிறு பொழுது சாய்வதற்குள் நான் சரி அல்லது வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். பெண்ணும் அதே போலச் சொல்வாள். யாரும் யாரையும் கை நீட்டிக் காட்டக் கூடாது, பேசக் கூடாது, தெரிந்தவர்கள் மாதிரிச் சிரிக்கக் கூடாது.

செவ்வாய்க்கிழமை கிளம்பும்போது அம்மா கையை நீட்டினாள். "கண்ணாடியக் குடு."

"குடுத்துட்டு எப்படிம்மா பொண்ணைப் பாக்குறது?"

"நான் பாத்துச் சொல்றேன். உன்னைய அவங்க பாக்கணும்ல, அதான் முக்கியம்."

"கல்யாணம் ஆன மறுநா தெரிஞ்சிரும்லம்மா."

"தாலி கட்டின பெறகு தெரிஞ்சா என்ன? அவ நம்ம வீட்டுப் பொண்ணு." கண்ணாடியை வாங்கி, டப்பாவில் போட்டு, தன் கைப்பையில் வைத்து ஜிப்பை இழுத்து மூடினாள்.

கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல என்று சும்மா சொல்வார்கள். என்னைத் தல்லாகுளத்தில் ஒரு மண்டபத்தில் விட்டார்கள். மேடையில் நாலைந்து நிறங்கள் நடமாடின. ஒன்று கத்தியது, இன்னொன்று அழுதது. ஜனங்கள் சிரிக்கும்போது நானும் சிரித்தேன், எப்போதும் கொஞ்சம் பிந்தித்தான். மச்சான் என் காதருகே குனிந்து, "மூணாவது வரிசை, ஃபேனுக்குக் கீழ, ரோஸ் கலர்" என்றார். ஃபேன் எது என்று தெரியவில்லை, காற்று எங்கிருந்தோ வந்தது. ரோஸ் ஒன்று மங்கலாகத் தென்பட்டது. நாடகம் முழுக்க அதையே பார்த்தேன். அசையாமல் அடக்கமாக உட்கார்ந்திருந்தது. எனக்கு அதன் மேல் கொஞ்சம் பிரியம்கூட வந்துவிட்டது. இடைவேளையில் அது எழுந்து என் பக்கமாக நடந்து வெளியே போய், வாசலில் நின்று பீடி பற்றவைத்தது.

அன்று வீடு திரும்பியதும் மச்சான் சந்தோஷமாகச் சொன்னார். "பொண்ணோட மாமாவுக்கு உன்னைய ரொம்பப் பிடிச்சுப் போச்சு மாப்ள. பையன் எம்புட்டு அடக்கம், பொண்ணு இருந்த பக்கமே திரும்பலைங்குறாரு."

எனக்குச் சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. பார்க்காமல் இருந்ததற்காக என்னைப் பிடித்திருக்கிறது. பார்த்த அன்றைக்கு என்ன ஆகும்?

வெள்ளிக்கிழமை சினிமா. அம்மா, அக்கா, மச்சான், நான் என்று வரிசையாகப் பால்கனியில் உட்கார்ந்தோம். அவர்கள் வீட்டார் பின்னால் எங்கோ இருப்பதாக மச்சான் சொன்னார். கதாநாயகனுக்கு இரட்டை வேடமாம், பிறகுதான் தெரிந்தது. நான் நான்கு பேர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். யார் யாரைக் காதலிக்கிறார்கள், யார் யாரை அடிக்கிறார்கள் என்று எதுவும் பிடிபடவில்லை. அதைவிட என் சொந்தக் கதை எனக்குப் பிடிபடவில்லை. ஒரு பெண்ணோடு காலம் முழுக்க வாழப்போகிறேனா என்பதை ஞாயிற்றுக்கிழமை சொல்ல வேண்டியவன், அவள் ஒல்லியா குண்டா என்றுகூட அறியாமல் உட்கார்ந்திருந்தேன். அம்மாவின் கைப்பையைப் பிடுங்கலாமா என்று நினைத்தேன். இரண்டு வீடுகளில் பதில் வந்தபோது அவள் முகம் போன போக்கு ஞாபகம் வந்தது. சும்மா இருந்துவிட்டேன்.

இடைவேளையில் மச்சான் என் முதுகைத் தள்ளினார். "முறுக்கு விக்கிற இடத்துல நிக்குது. பச்சைச் சுடிதார். போ, சும்மா முறுக்கு வாங்குற மாதிரி நின்னு பாத்துட்டு வா."

போனேன். பச்சை தெரிந்தது. இம்முறை ஏமாறக் கூடாது என்று கிட்டே போய், முகம் தெரியும் தூரத்துக்கு இன்னும் ஓரடி இருக்கையில் நின்றேன். அதற்கு மேல் போனால் அடிதான் விழும். என்ன செய்வது என்று புரியாமல் சிரித்து வைத்தேன். பச்சைச் சுடிதார் என் பக்கம் திரும்பி, "அண்ணே, கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றது.

கட்டிக்கொள்ளப் போகிற பெண் அண்ணே என்று கூப்பிட்டால் அதற்கு மேல் ஒன்றுமில்லை. முறுக்குகூட வாங்காமல் திரும்பி வந்து, மீதிப் படம் முழுக்கத் துக்கம் விசாரிக்கப் போனவன் மாதிரி உட்கார்ந்திருந்தேன். கதை முடிந்தது என்றே நினைத்தேன். ஆனால் மறுநாள் மச்சான் வந்து, "பொண்ணு வேணாம்னு சொல்லல. ஞாயித்துக்கிழமை பாத்துட்டுச் சொல்றேன்னுருக்கு" என்றார். இரண்டு தடவை முன்னால் நிறுத்தியும் இன்னும் எதைப் பார்க்க வேண்டும்? அண்ணே என்றவள் ஏன் வேண்டாம் என்று சொல்லவில்லை? வேறு யாராவதாக இருக்குமோ? மச்சான், "அந்தப் பச்சைதான் மாப்ள, நான் பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன்" என்று சாதித்தார். அன்று அச்சகத்தில் ஒரு பத்திரிகையில் மணமகன் பெயருக்கு முன்னால் செல்வி என்று இருந்ததைக் கவனிக்காமல் விட்டேன். நல்லவேளை, முதலாளி பார்த்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மேட்சுக்கு அம்மா வரவில்லை. வாசலிலேயே கண்ணாடியை வாங்கிக்கொண்டாள். "இன்னைக்கு முடிவச் சொல்லிரணும் பாத்துக்க" என்றாள். மச்சான் வண்டியின் பின்னால் உட்கார்ந்து போனேன்.

மைதானத்தில் படிக்கட்டுகள் வெயிலில் சுட்டன. பெண்ணின் மாமாவை மச்சான் எதேச்சையாகச் சந்தித்து, அட நீங்களா என்று ஆச்சரியப்பட்டு, எதேச்சையாக அவர்கள் பக்கத்திலேயே இடம் பிடித்தார். எனக்கு ஒரு படி கீழே, சற்றுத் தள்ளி, மஞ்சளாக ஒன்று உட்கார்ந்திருந்தது. மாமாவும் மச்சானும் டீ குடித்துவிட்டு வருவதாக எழுந்து போனார்கள். போகும்போது மச்சான் என் தோளை ஒரு அமுக்கு அமுக்கினார்.

பந்து தெரியாமல் ஃபுட்பால் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். இரண்டு நிறத்துக் கூட்டம் காரணமில்லாமல் இங்கிட்டும் அங்கிட்டும் ஓடிக்கொண்டிருந்தது. மஞ்சள் மட்டும் அவ்வப்போது கை தட்டியது. தம்பிக்காக இருக்கும் என்று நானும் தட்டினேன். திடீரென்று சுற்றிலும் எல்லோரும் எழுந்து கத்தினார்கள். நாங்கள் இருவர் மட்டும் உட்கார்ந்தே இருந்தோம்.

மஞ்சள் பாதி திரும்பிக் கேட்டது. "கோலாங்க அது? எந்தப் பக்கம் போட்டாங்க?"

அந்தக் குரலை எனக்குத் தெரியும். அண்ணே என்ற அதே குரல்.

"தெரியலைங்க. நீங்க பாக்கலையா?"

"எனக்குத் தெரிஞ்சா உங்களைய ஏன் கேக்குறேன்?"

பிறகு அவள் டீக்கடை இருந்த திசையில் பார்த்துவிட்டு, அதில் பயன் இல்லை என்று தோன்றியதோ என்னவோ, என்னையே கேட்டாள். "எங்க மாமா வாராங்களா?"

"எனக்கு அம்புட்டுத் தூரம் தெரியாதுங்க" என்றேன். வாயில் வந்துவிட்டது. ஒரு வாரமாக அம்மா காத்த ரகசியம் ஒரே நொடியில் போயிற்று.

ஆனால் அவள் கைப்பையைத் திறக்கும் சத்தம் கேட்டது. எதையோ எடுத்து, துப்பட்டாவில் துடைத்து, முகத்தில் மாட்டிக்கொண்டு முதலில் மைதானத்தைப் பார்த்தாள். "அடப்பாவி, தம்பி வெளிய உக்காந்திருக்கான். இம்புட்டு நேரம் யாருக்குக் கை தட்டுனேன்னே தெரியல" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். நிதானமாகப் பார்த்தாள் என்று நினைக்கிறேன். எனக்கு அது மஞ்சளின் மேல் இரண்டு சின்ன வெளிச்சமாகத்தான் தெரிந்தது.

"முறுக்குக் கடையில நின்னது நீங்கதானா?"

"ஆமா. அண்ணேன்னு கூப்புட்டீங்க."

"முன்னால ஏதோ தூணு மாதிரி நின்னுச்சு. அண்ணேன்னா யாரா இருந்தாலும் நகந்துருவாங்கன்னு சொன்னேன்." குரலில் சிரிப்பு இருந்தது. அது அடங்கியதும் சொன்னாள். "போன வருசம் ஒரு எடம் இந்தக் கண்ணாடியாலதான் தட்டிப் போச்சு. அதான் போடக்கூடாதுன்னுட்டாங்க. இன்னைக்கு மாமாவுக்குத் தெரியாம எடுத்துட்டு வந்தேன். உங்களுது எங்க?"

"எங்க அம்மா கைப்பையில இருக்கும்."

அவள் தன் கண்ணாடியைக் கழற்றி நீட்டினாள். "நான் பாத்துட்டேன். நீங்களும் பாத்துட்டுச் சொல்லுங்க."

மாட்டிக்கொண்டேன். என் பவரைவிடக் கொஞ்சம் குறைவு, ஆனால் போதும். மாநிறம். மூக்கின் இருபுறமும் கண்ணாடி அழுத்திய இரண்டு தடங்கள், எனக்கு இருப்பது போலவே. அவற்றைப் பார்த்ததும் என் மூக்கை ஒருமுறை தடவிக்கொண்டேன். அவளோ என் முகம் இருந்த இடத்துக்குச் சற்றுத் தள்ளி, என் காதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது அவளுக்கு நான் தெரியவில்லை.

"எங்க வீட்ல நான் சொல்லிர்றேன்" என்றேன்.

"நானும் சொல்லிர்றேன்" என்று கையை நீட்டிக் கண்ணாடியை வாங்கிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாள். "பொண்ணு எப்படிப்பா?"

"எனக்குப் பிடிச்சிருக்கு. ஆனா கண்ணாடி போட்டிருக்கும்மா."

அம்மாவின் முகம் கறுத்தது. "கண்ணாடியா? அவங்க சொல்லவே இல்லையே. இந்த மாதிரி விசயத்தையெல்லாம் மறைக்கலாமா? நாளப்பின்ன தெரிய வராதா?"

அம்மாவின் கைப்பையைத் திறந்து என் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு அவளைப் பார்த்தேன். அம்மாவும் என்னைப் பார்த்தாள். பிறகு அடுப்பில் பால் வைத்திருப்பதாகச் சொல்லி உள்ளே போனாள். தான் சொன்னது என்ன என்று புரிந்துதான் போனாளா, நிஜமாகவே பால் வைத்திருந்தாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவள் வேண்டாம் என்று மட்டும் சொல்லவில்லை. எங்களுக்கு அதுவே சம்மதம்.

அடுத்த வாரம் முறைப்படி பெண் பார்க்கப் போனோம். வாசலில் செருப்பைக் கழற்றும்போது அம்மா பழக்கதோஷத்தில் கையை நீட்டினாள். நான் கொடுக்கவில்லை. உள்ளே பாயில் மச்சான் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். பெண்ணை அழைத்தார்கள். காபித் தட்டோடு வந்தாள். முகத்தில் கண்ணாடி இல்லை. எங்களுக்குத் தெரிந்த விஷயம்தானே என்று அவள் சொல்லியும், இன்றைக்கு மட்டும் வேண்டாம் என்று அவள் அம்மா வாங்கி வைத்துக்கொண்டாளாம். நேராக மச்சானின் முன்னால் போய் நின்று, குனிந்து, வெட்கத்தோடு தட்டை நீட்டினாள்.

மச்சான் பதறி எழுந்துவிட்டார்.

"அவங்க போயி கண்ணாடியப் போட்டுட்டு வரட்டும்" என்றேன். "காபி சிந்திரும்."

என் குரல் வந்த பக்கம் அவள் திரும்பினாள். தட்டைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள். என் அம்மா தரையைப் பார்த்தாள். அவள் அம்மா சுவரைப் பார்த்தாள். அவள் கண்ணாடியோடு வந்து கதவருகே நின்றாள். அப்போதுதான் நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் ஒருவரையொருவர் பார்த்தோம்.