ஷேக் தோளில் தங்காத அங்கி

ஹிஜ்ரி 1291. நாப்லுஸிலிருந்து சல்த் ஊருக்கு வந்து துணிக்கடை போட்ட ஷுக்ரிக்கு அது மூன்றாவது வசந்தம். கடை அவன் பெயரில் இருந்தது. வந்த சரக்கில் ஒவ்வொரு தையலையும் விரலால் தடவிப் பார்ப்பவள் அக்கா ஹஸ்னா. தாய் போன பிறகு அவனை வளர்த்தவளும் அவளே. துணியைத் தொட்டதும் தரம் சொல்ல அந்த ஊரில் அவனை விட்டால் ஆளில்லை என்பது அவள் கட்சி.

மழை விட்டுப் பாலைவனக் கூடாரத்தார் ஒட்டகங்களோடு வரும்போது, அவர்கள் தலைவரான ஷேக் எந்தக் கடையில் வாங்குகிறாரோ அங்கேதான் கூட்டம் முழுவதும் வாங்கும். இரண்டு வருடமாக அது எதிர்க்கடை அபூ நிம்ருக்கே போயிற்று. இந்த வருடமும் நழுவினால், கடையை மூடிவிட்டு நாப்லுஸில் சித்தப்பா கடையில் கைகட்டி நிற்க வேண்டியதுதான்.

அதனால் ஷேக் தியாப் கடைவீதிக்குள் வந்த அன்று, கழுத்தோரம் ஹஸ்னா குளிர்காலம் பூராவும் சரிகை பின்னிய கறுப்பு அங்கியை ஷுக்ரி அன்பளிப்பாக அவர் தோளில் போர்த்தினான். ஷேக் தடவிப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

எட்டாம் நாள் அதே அங்கி கடைவீதிக்கு வந்தது, ஓர் ஒட்டகம் மேய்ப்பவன் மேல்.

அபூ நிம்ர் விடுவாரா? "அடே ஷுக்ரி! முதல்ல ஒட்டகத்துக்குத்தான் போட்டுப் பாத்தாங்களாம். அது வேணாம்னுடுச்சாம்!"

வீதியே சிரித்தது. ஷுக்ரி உள்ளே போய்ச் சரக்கை மூட்டை கட்ட ஆரம்பித்தான்.

"போதும்க்கா. பிடிக்கலன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கலாம். மேய்க்கிறவனுக்குத் தூக்கிக் குடுத்துட்டாரு. நாளைக்கே நாப்லுஸுக்குக் கழுதை வாடகை பேசிடறேன்."

"கழுதை இருக்கட்டும். அந்த ஆளைக் கூப்பிடு."

மேய்ப்பவன் வந்தான். ஹஸ்னா முதலில் அங்கியின் கழுத்தைப் பார்த்தாள். ஓர் இழைகூடப் பிரியவில்லை. "தம்பி, இது உங்கிட்ட எப்படி வந்துச்சு?"

"ஷேக்கோட மச்சான் 'அடேயப்பா, என்ன அங்கி!'ன்னாருங்க. ஒருத்தன் வாய்விட்டுப் பாராட்டுன பிறகு ஷேக் அதை எப்படிப் போட்டுக்குவாரு? கழட்டிக் குடுத்துட்டாரு, எங்க வழக்கம் அதுதானுங்க. மச்சான்கிட்ட பாட்டுக்காரர் பாராட்டுனாரு, அவருக்குப் போச்சு. அவர்கிட்ட நான்..." வெட்கத்தோடு சிரித்தான். "அம்மா, நீங்க நல்லா இருக்குன்னு மட்டும் சொல்லிடாதீங்க. நேத்துதான் கைக்கு வந்துச்சு."

அவன் போனதும் ஹஸ்னா தம்பியைப் பார்த்தாள். "கேட்டியா? மூட்டையப் பிரி."

"உனக்கு இது முன்னாடியே தெரியுமாக்கா?"

"எனக்கு மட்டும் என்னத்த தெரியும்? பிரிடா."

மூன்றாம் நாள் ஷேக்கே வந்தார், பழைய கம்பளி ஒன்றைப் போர்த்திக்கொண்டு. "ஷுக்ரி, உன் அங்கியால எனக்கு நிம்மதி போச்சு. பாத்தவனெல்லாம் எனக்கும் வேணுங்கறான். எனக்கு யாரும் பாராட்டாத மாதிரி ஒண்ணு குடு."

ஷுக்ரி பணிவாகச் சொன்னான்: "அது எதிர்க்கடைல கிடைக்கும் ஷேக்."

வீதியோடு அபூ நிம்ரும் சேர்ந்துதான் சிரித்தார்.

நாற்பது அங்கிக்குச் சொல்லிவிட்டு ஷேக் போனார். ஹஸ்னா சரிகை நூல் கேட்டுச் சித்தப்பாவுக்கு ஆள் அனுப்பினாள். கூடப் பின்ன இரண்டு பெண்களை வைத்துக்கொண்டாள். ஷுக்ரி அந்த வருடமே சல்த்தில் பெண் எடுத்தான். ஐந்து பிள்ளைகளும் அந்தக் கடையிலேயே வளர்ந்தார்கள். குடும்பத்தைப் பற்றி யார் விசாரித்தாலும், அவர்கள் பிறந்த கிழமை வரைக்கும் ஹஸ்னா ஒப்பிப்பாள். ஷேக்குக்கு அந்தப் பதிலைச் சொன்னபோது தம்பியின் குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை என்பதையும் சேர்த்துத்தான்.