ஆளுக்கு ஒரு சொல்

எங்கள் வீட்டுத் தொலைபேசி ரிசீவருக்கு ஒரு வாசம் இருந்தது. பேசும் பக்கத்தில் அம்மாவின் மிளகாய்த்தூள், கேட்கும் பக்கத்தில் அப்பாவின் நல்லெண்ணெய், நடுவில் கைபிடிக்கும் இடத்தில் அந்தக் கட்டடத்தில் குடியிருந்த அத்தனை பேரின் வியர்வை. டோர்ட்மண்டில் நாங்கள் இருந்த அந்தப் பழைய கட்டடத்தில் பெரும்பாலானோர் "அன்ட்ராக்" என்ற தஞ்ச விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு, அகதி என்ற முடிவு வருமா திரும்பிப் போ என்ற கடிதம் வருமா என்று தபால்காரரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர்கள். தொலைபேசி எங்களிடம் மட்டும்தான் இருந்தது. சாம்பல் நிறம், அழுத்தும் பொத்தான்கள், எப்போதும் முறுக்கிக்கொண்டு கிடக்கும் வயர். தூரதேசத்துக்குப் பேசும்போது நாம் சொன்ன சொல் கடலெல்லாம் தாண்டிப் போய்ச் சேர ஒரு விநாடி எடுக்கும். அந்த ஒரு விநாடி இரைச்சலைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். அதற்குள் முப்பத்தைந்து வருடம் ஒளிந்திருக்கும் என்று பதினொரு வயதில் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் வாயை மூடிக்கொண்டிருப்பேன் என்று சொல்லமாட்டேன். என் வாய் அப்படி.

அந்தத் தொலைபேசிக்கு எங்கள் வீட்டில் இரண்டு சட்டங்கள் இருந்தன. முதலாவது, "ரெலிபோனிலை எல்லாத்தையும் கதைக்கக் கூடாது." ஊரில் யார் எந்தப் பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்று தெரியாததால் "காய்ச்சல்" என்றால் செல் விழுகிறது, "பெரியம்மா வீடு" என்றால் கொழும்பு, "மழை" என்றால் ஆமி வெளிக்கிட்டுவிட்டது. ஒருமுறை சின்ன மாமி காய்ச்சல் என்றார். மூன்று நாள் நாங்கள் சாப்பிடாமல் கிடந்தோம். கடைசியில் பார்த்தால் அவருக்கு உண்மையாகவே காய்ச்சல். இரண்டாவது சட்டம், ரிசீவர் எல்லார் கைக்கும் போகவேண்டும் என்பது. யார் எடுத்தாலும், யாருக்கு எடுத்தாலும், வீட்டில் இருக்கிற அத்தனை பேரும் மறுமுனையில் உள்ளவரிடம் "சுகமோ" என்றாவது கேட்கவேண்டும். விருந்தாளியாக வந்து முன்பின் தெரியாதவராக இருந்தாலும் விடுதலை இல்லை. "ஆளுக்கு ஒரு சொல்லுக் கதையுங்கோ, அவையள் குறை நினைப்பினம்" என்பார் அம்மா. இந்த இரண்டு சட்டங்களும் ஒன்றோடொன்று மோதும் நாள் வரும் என்று யாரும் யோசிக்கவில்லை. மோதியபோது நடுவில் நின்றது நான்.

டாஷி மாமா எங்களுக்கு மேல்மாடியில் குடிவந்தது ஒரு நவம்பரில். கதவு தட்டப்பட்டது. அம்மா திறந்தார். சிறிய கண்களும் சிவந்த கன்னங்களுமாக ஒரு மனிதர் நின்றார். எங்கள் வீட்டுக்கு வந்துபோகும் பாலன் அண்ணை கோப்பை கழுவும் சீன உணவகத்திலிருந்து ஆரோ வந்திருக்கிறார்கள் என்று அம்மா நினைத்தார். வந்தவர் வாயைத் திறந்து, "அக்கா, கொஞ்சம் உப்பு கிடைக்குமா?" என்றார்.

அம்மா கதவைச் சாத்திவிட்டார்.

பிறகு அப்பா திறந்து, மன்னிப்புக் கேட்டு, உப்போடு சோறும் கொடுத்தபிறகுதான் விஷயம் விளங்கியது. அவர் திபெத்தியர். ஏழு வயதில் தகப்பனின் முதுகிலும் கால்நடையுமாக மலையைத் தாண்டியவர். ஐந்து வயதுத் தங்கை டோல்கரும் தாயும் அங்கேயே நின்றுவிட்டார்கள். குளிரில் அந்தப் பிள்ளை தாங்காது என்று தாய் மறித்துவிட்டாராம். கர்நாடகத்தில் அகதிக் குடியிருப்பில் வளர்ந்து, ஒவ்வொரு குளிர்காலமும் கோயம்புத்தூர் நடைபாதையில் ஸ்வெட்டர் விற்றுத் தமிழ் படித்தவர். எங்களிடம் பேசும்போதும் அந்த வியாபாரக் குரல் போகவில்லை. அப்பாவை "சார்" என்பார். சாப்பாடு நன்றாக இருந்தால், "ஃபர்ஸ்ட் குவாலிட்டி அக்கா" என்பார்.

அவருடைய அறைச் சுவரில் அவர்களுடைய கொடி தொங்கியது. நடுவில் சூரியன், கீழே பனிமலை, மலைக்கு முன்னால் இரண்டு சிங்கங்கள். பண்டிகைப் பலகாரம் கொடுக்கப் போன அம்மா தட்டோடு திரும்பி ஓடிவந்துவிட்டார். "இஞ்சையப்பா, அந்தத் தம்பி சிங்கக்கொடி வச்சிருக்கிறார்!" எந்தச் சிங்கத்துக்குப் பயந்து நாங்கள் ஊரை விட்டு வந்தோம் என்று வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பின்னாலேயே படியிறங்கி வந்த டாஷி மாமா, "அக்கா, இது பனிச் சிங்கம். வாள் ஒண்ணும் கையில இல்ல, நல்லாப் பாருங்க," என்று ஸ்வெட்டரை விரித்துக் காட்டுவதுபோலக் கொடியை விரித்துக் காட்டினார். அம்மா இரண்டு சிங்கத்தின் கைகளையும் தனித்தனியாகப் பார்த்தபிறகே பலகாரம் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் குசினியில் திபெத் யாருடையது என்ற வழக்கு நடக்கும். வாதி டாஷி மாமா. பிரதிவாதி பாலன் அண்ணை. யாழ்ப்பாணத்தில் பொதுவுடைமைக் கட்சி இரண்டாகப் பிரிந்தபோது "பீக்கிங் பக்கம்" நின்றவர், அந்த நிலைப்பாட்டைப் பெட்டியில் வைத்து ஜெர்மனிக்கும் கொண்டுவந்தவர். சீனாவின் கோப்பைகளை ஆறு நாளும் கழுவிவிட்டு ஏழாம் நாள் சீனாவுக்காகப் பேச வருவார்.

"தம்பி, பழைய திபெத்திலை என்ன இருந்தது? மடாலயமும் நிலப்பிரபுவும் பண்ணையடிமையும். சீனா வந்துதானே றோட்டுப் போட்டது, ஆஸ்பத்திரி கட்டினது? சக்கரவர்த்தியள் காலத்திலையிருந்தே அது சீனாவின்ரை பகுதிதான். வரலாற்றை உணர்ச்சியாலை பாக்கக் கூடாது."

"சார், சக்கரவர்த்தி கதையெல்லாம் எனக்குத் தெரியாது. அவங்க வர்றதுக்கு முன்னாடி எங்களுக்குன்னு காசு இருந்தது, தபால்தலை இருந்தது, படை இருந்தது. அப்புறம் பீக்கிங்ல ஒரு காகிதத்துல கையெழுத்து வாங்கினாங்க. பக்கத்துல துப்பாக்கி நின்னா நீங்ககூடத்தான் கையெழுத்துப் போடுவீங்க."

"அடிமைகளை விடுவிச்சது பொய்யோ?"

"எங்கப்பா முதலாளி இல்ல சார். அடுத்தவங்க யாக் மேய்ச்சவர். விடுதலை பண்ண வந்தவங்களைப் பார்த்து மலை ஏறி ஓடினதும் அவர்தான். ரோடு போட்டாங்க, சரி. வேணுமான்னு எங்களை யாராவது கேட்டாங்களா?"

நீதிபதியான அப்பா, "அண்ணை, தேத்தண்ணி ஆறுது," என்று வழக்கை ஒத்திவைப்பார். எனக்கு இருவர் பேசுவதும் சரியாகவே படும். உண்மையில் நான் காத்திருந்தது தீர்ப்புக்கு அல்ல, பாலன் அண்ணை உணவகத்திலிருந்து கொண்டுவரும் ரோல்ஸுக்கு.

டாஷி மாமா வருடத்தில் ஒரே ஒருமுறைதான் எங்கள் தொலைபேசியைக் கேட்பார். அது அவர்களுடைய புதுவருடமான லோசார் சமயம். பல வருடம் தேடித் தங்கையைக் கண்டுபிடித்திருந்தார். அவள் ஊரில் போன் இல்லை. குறித்த நாளில் பக்கத்து நகரத்துக் கடையொன்றுக்கு வந்து காத்திருப்பாள். அவர்களுக்கும் சங்கேதம் இருந்தது. படம்கூட வைத்திருக்கக் கூடாத அவர்களுடைய பெரிய குருவுக்குப் பெயர் "தாத்தா". கைதுக்குப் பெயர் "பனி". அப்பாவும் அவரும் சமையல் குறிப்பைப் பரிமாறுவதுபோல இந்தச் சொற்களைப் பரிமாறிக்கொள்வார்கள்.

மூன்றாவது வருடத்து அழைப்பு அது. ஞாயிறு மதியம். டாஷி மாமா பொத்தான்களை ஒவ்வொன்றாக அழுத்தினார், லைன் கிடைத்தது. அவர் பேசிய மொழி எங்களுக்குப் புரியவில்லை. ஆனால் ஐந்து வயதுப் பிள்ளையிடம் பேசும் குரலில் நாற்பதை நெருங்கிய ஒரு பெண்ணிடம் பேசுகிறார் என்பது எனக்கே விளங்கியது. அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. இரண்டாம் சட்டம். "தம்பி, தாங்கோ, தங்கச்சியோடை நாங்களும் ஒரு சொல்லுக் கதைப்பம்." அவர் தயங்கினார், அம்மா வாங்கிவிட்டார். "சுகமா இருக்கிறீங்களோ? சாப்பிட்டனீங்களோ?" திபெத்துக்கு யாழ்ப்பாணத்துத் தமிழ். டாஷி மாமா ரிசீவரைத் திரும்ப வாங்கி ஒரு கணம் காதில் வைத்தார், சிரித்தார். பதில் சொல்ல வாய் திறப்பதற்குள் அம்மா அதைப் பிடுங்கி என் கையில் திணித்தார். "கதை, கதை!"

எனக்குத் தெரிந்த திபெத்திய மொழி இரண்டே சொற்கள். போன வருடம் நகரசபைக்கு முன்னால் நடந்த சிறு ஆர்ப்பாட்டத்துக்கு டாஷி மாமா என்னைக் கூட்டிப்போனார். அங்கே என்னைவிடப் பலமாகக் கத்தியவர் யாருமில்லை; எல்லாரும் தட்டிக்கொடுத்தார்கள், ஒரு பாட்டி இனிப்புக்கூடக் கொடுத்தார். இனிப்பு வாங்கித் தந்த சொற்கள் நல்ல சொற்களாகத்தானே இருக்கவேண்டும்? கண்ணை மூடிக்கொண்டு, தொண்டை நரம்பு புடைக்க, "பொ ரங்ஸென்!" என்று கத்தினேன்.

திபெத்துக்குச் சுதந்திரம்.

லைன் செத்துவிட்டது. இரைச்சல்கூட இல்லை. கண்ணைத் திறந்தபோது டாஷி மாமாவின் முகத்தைப் பார்த்தேன். அந்தச் சிவந்த கன்னத்தில் ஒரு துளி நிறம் இல்லை. அவர் என்னைத் திட்டவில்லை. ரிசீவரை இரண்டு கையாலும் வாங்கி, தூங்கும் குழந்தையைக் கிடத்துவதுபோல வைத்தார். "லைன் கட்டாப் போச்சுப் போலை," என்றார் அம்மா. "ஆமாக்கா," என்றார் அவர். மறுபடி எண்ணை அழுத்திப் பார்த்தார். "கிடைக்கல," என்று சொல்லிவிட்டு மேலே போய்விட்டார்.

அதற்குப் பிறகு அடுத்த இரண்டு வாரம் நான் நடந்துகொண்ட விதத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கே என்னை ஒரு அறை விடவேண்டும் போலிருக்கும். பள்ளி அட்லஸில் பீக்கிங்கிலிருந்து டோர்ட்மண்டுக்கு அடிமட்டத்தால் அளந்தேன். பத்தொன்பது சென்டிமீட்டர். கிட்டத்தான். புத்தகப்பையில் ஒரு டோர்ச், இரண்டு ஜட்டி, நான் நீச்சல் பழகியதற்குக் கொடுத்த கடல்குதிரைச் சான்றிதழ் மூன்றையும் ஒளித்துவைத்தேன்; என் பெயரும் ஜெர்மன் முத்திரையும் சேர்ந்திருந்த ஒரே காகிதம் அதுதான், சீன இராணுவம் வந்தால் அதைக் காட்டலாம் என்பது திட்டம். ரோல்ஸ் சாப்பிடுவதை நிறுத்தினேன். எவ்வளவு பெரிய பயம் என்று இதிலிருந்தே புரிந்துகொள்ளலாம்.

தாங்கமுடியாமல் கடைசியில் பாலன் அண்ணையிடம் போனேன். உணவகத்தின் பின்கதவில், இறப்பர் கையுறையோடு சிகரெட் பிடித்துக்கொண்டு நின்றார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிப்பார், 'சீனா அப்பிடியெல்லாம் செய்யாது, விசரா' என்று தலையில் குட்டுவார், அத்தோடு நான் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம் என்பதே என் முழு நம்பிக்கையும்.

அவர் சிகரெட்டைக் கீழே போட்டார். திரும்பி உள்ளே பார்த்தார். கதவை இழுத்துச் சாத்தினார்.

"கடையின்ரை பேரைச் சொன்னனியோ? ஊரின்ரை பேர்?"

"இல்லை அண்ணை."

"அந்தப் பிள்ளையின்ரை பேர்?"

"இல்லை."

"சரி. இனி இதை ஆருக்கும் சொல்லாதை. என்னட்டைச் சொன்னதெண்டும் சொல்லாதை."

அன்றுதான் நான் உண்மையாகவே பயந்தேன். இத்தனை ஞாயிறு வாதாடியவருக்கு ஒரு சொல்லுக்கு அங்கே என்ன விலை என்று ஏற்கெனவே தெரிந்திருந்தது. அதன்பிறகு எங்கள் குசினியில் வழக்கு நடக்கவில்லை. டாஷி மாமா றோட்டைப் பற்றி ஏதாவது தொடங்கினால், பாலன் அண்ணை உருளைக்கிழங்கு வேகவில்லை என்பார்.

அடுத்த நான்கு லோசாருக்கும் டாஷி மாமா வந்தார். பொத்தான்களை அழுத்துவார், காதில் வைத்திருப்பார், "எடுக்கல," என்பார், தேநீர் குடிப்பார், போவார். ஒவ்வொரு தடவையும் நான் கழிப்பறைக்குள் போய்ப் பூட்டிக்கொள்வேன். பிறகு அவர் டுசல்டோர்ஃபுக்குப் போய்விட்டார்.

இப்போது எனக்கு நாற்பத்தாறு. அப்பாவும் பாலன் அண்ணையும் இல்லை. அம்மாவும் போய் இரண்டு வருடமாகிறது. என் அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு மேசையில் ஒரு சீன இளைஞன், தங்கமான பிள்ளை, பாலன் அண்ணை சொன்னதையெல்லாம் ரயில்பாதையும் சேர்த்துச் சொல்கிறான். எதிரே இருக்கிற ஜெர்மன்காரர், பிள்ளைகளை விடுதிப் பள்ளிகளில் சேர்த்துச் சொந்த மொழியை மறக்கவைப்பது எந்த முன்னேற்றம் என்று கேட்கிறார். நான் ஏதாவது பகிடி விட்டு இருவரையும் சிரிக்கவைத்துவிட்டு எழுந்துவிடுவேன். அந்த விஷயத்தில் ஒருமுறை வாய் திறந்தவன் நான்.

அம்மாவின் நிலவறையைக் காலிசெய்தபோது அந்தத் தொலைபேசி கிடைத்தது. போன மாதம் லோசார் அன்று அதைப் பையில் போட்டுக்கொண்டு டாஷி மாமாவைப் பார்க்கப் போனேன். எழுபது தாண்டிவிட்டது அவருக்கு. போகிற வழியெல்லாம் ஒத்திகை பார்த்த பகிடி எதுவும் உதவவில்லை.

"மாமா, அண்டைக்கு நான் கத்தினதாலைதானே அங்கை லைனைக் கட் பண்ணினவை?"

அவர் நான் கொண்டுபோன தொலைபேசியைத் தன் பக்கம் இழுத்தார். "அங்க யாரும் கட் பண்ணல தம்பி. நான்தான் பண்ணேன்." ரிசீவர் வைக்கும் இடத்திலுள்ள கட்டையை ஒரு விரலால் அமுக்கிக் காட்டினார். "நீ கத்தினது போய்ச் சேர ஒரு செகண்ட் ஆகும்ல? அதுக்குள்ள அமுக்கிட்டா போகாதுன்னு நினைச்சேன். போச்சா இல்லையான்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது."

"அதுக்குப் பிறகு எடுத்தனீங்கள்தானே? நாலு வருசம் எங்கடை வீட்டிலையிருந்து?"

"கடைசி நம்பரை அமுக்கவே இல்ல. நீ கத்தினது போயிருந்து, மறுபடி நானும் பேசினா, அவளை விடுவாங்களா?"

"அப்ப ஏன் வந்தனீங்கள்?"

"அமுக்காம விட்டா விரலுக்கு மறந்துபோகும்."

பல வருடம் கழித்து அந்தப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் செய்தி சொன்னாராம். கடை இருக்கிறது, போன் இல்லை. ஏன் இல்லை என்று அவருக்கும் தெரியவில்லை. டோல்கரைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. இப்போது கைபேசி வந்து, முகம் பார்த்தே பேசலாம் என்றாகிவிட்டது; ஆனால் அங்கே இருப்பவர்கள்தான் இங்கே உள்ள சொந்தங்களிடம் 'எங்கள் எண்ணை அழித்துவிடுங்கள்' என்கிறார்களாம். ஒரு விநாடி இரைச்சல் எங்கும் இல்லாமல் போய்விட்டது. அதைத் தேடுகிறவர்கள் இந்த உலகத்தில் நாங்கள் இருவர் மட்டும்தான் என்று நினைக்கிறேன்.

"தங்கச்சி கடைசியா என்ன சொன்னவ?" என்று கேட்டேன்.

"உங்கம்மா பேசினாங்கல்ல. 'யாரு அது, குரல் நல்லாருக்கே'ன்னு கேட்டா. பதில் சொல்றதுக்குள்ள உன் கைக்குப் போயிடுச்சு."

அவர் தொலைபேசியை மடியில் வைத்துக்கொண்டார். ரிசீவரை மோந்து பார்த்தார்; வெறும் பிளாஸ்டிக். வயர் தரையில் எதிலும் செருகப்படாமல் கிடந்தது. பொத்தான்களை ஒவ்வொன்றாக அழுத்தினார்; விரல் எங்கும் தடுமாறவில்லை. கடைசிப் பொத்தானின் மேல் சிறிது நேரம் நின்றது. பிறகு அதையும் அழுத்தினார். காதில் வைத்து ஒரு விநாடி பொறுத்தார். பிறகு ரிசீவரை என்னிடம் நீட்டி, "ஒரு வார்த்தை பேசு தம்பி," என்றார்.

வாங்கினேன்.

"அது என்ரை அம்மா," என்றேன். "சுகமா இருக்கிறீங்களோ எண்டு கேட்டவ."