விசிட் நாளில் காயும் துணி

அன்புக்கரசிக்கு மனிதர்களில் பாதிப் பேரைப் பிடிக்காது. மீதிப் பேரை அவள் இன்னும் சந்திக்கவில்லை. வடசென்னை விம்கோ நகரில் பிறந்து, வேதியியலில் முனைவர் பட்டம் வாங்கி, அதே விம்கோ நகரில் மாடி வீட்டில் தனியாகக் குடியிருப்பவள். தன் ஆய்வு வழிகாட்டியைப் பற்றி யாராவது மரியாதையாகப் பேசினால், "என் தீசிஸ்ல அந்தாளு படிச்சது ஒரே பக்கம். அவரு பேரு இருந்த பக்கம்" என்று முடித்துவிடுவாள்.

அவள் ஆராய்ச்சியைப் புரிந்துகொள்ள பட்டம் தேவையில்லை. ரசாயன ஆலை செய்கிற வேலையைத்தான் உயிருள்ள உடம்புக்குள் நொதிகளும் செய்கின்றன. ஆலை அமிலம் ஊற்றிக் கொதிக்கவைத்து, ஊரை நாறடித்துச் செய்கிறது. நொதி வெறும் தண்ணீரில், உடம்புச் சூட்டில் கமுக்கமாக முடித்துவிடுகிறது. இது தெரிந்த பிறகும் அமிலப் பீப்பாயைக் கட்டிக்கொண்டு அழுகிறவனை விஞ்ஞானி என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அந்த ஆய்வாளர்களும் சும்மா இருக்கவில்லை. மாவு புளிக்கவைக்கிற வேலைக்கு எதற்கு டாக்டர் பட்டம் என்று சிரித்தார்கள்.

காசிமேட்டு மீன் ஏலக்கூடத்தின் வடிகால் சேற்றிலிருந்து ஒரு நுண்ணுயிரியைப் பிரித்தெடுத்தாள். அதன் நொதியைத் திருத்தித் திருத்தி, ரத்த அழுத்த மாத்திரைக்கு வேண்டிய மூலப்பொருளைச் செய்ய வைத்தாள். அதை ஜவ்வரிசி போன்ற சின்ன மணிகளில் ஒட்டிவிட்டால் ஒரே மணியைத் திரும்பத் திரும்ப உபயோகிக்கலாம். இதற்கே இளமை போய்விட்டது. கல்யாணம் ஏன் செய்துகொள்ளவில்லை என்று கேட்ட உறவினர்களையும் அவள் ஆய்வாளர்கள் பட்டியலோடு சேர்த்து ஒதுக்கிவைத்தாள்.

அந்த மூலப்பொருளைச் செய்கிற கம்பெனி அவளை வேலைக்கு எடுத்துக்கொண்டது. ஆலை இருப்பது அவள் தெருவுக்குப் பின்னால். ஆராய்ச்சிக்கூடமோ ஊரின் மறுகோடியில், பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில். விடிந்ததும் கிளம்பி இருட்டியதும் திரும்புவாள். சில வருஷங்களுக்கு முன்னால், ஆலை முழுக்க அவள் நொதிக்கு மாறிவிட்டது என்று கம்பெனி விளம்பரமே கொடுத்தது.

அதற்குப் பிறகு ஆலையிலிருந்து புது மணி கேட்டு யாரும் வரவில்லை. அவள் விசாரித்தபோது ஆலைத் தலைவர் ஜெயவேல், "உங்க மணி சாகவே மாட்டேங்குது மேடம்" என்றார். அவள் நம்பினாள். உலகத்தில் யார் சொன்னதையும் நம்பாதவள், தன் கெட்டிக்காரத்தனத்தைப் பற்றி ஒருவன் சொன்னதை மட்டும் அப்படியே விழுங்கினாள். ஆலையில் ஓயாமல் ஓடியும் தன் நொதி தேயவில்லை என்று வெளிநாட்டுப் பத்திரிகையில் கட்டுரையும் எழுதினாள். தெருவில் நாற்றம் அடித்ததா என்று கேட்டால், கரைப்பான்களை முகர்ந்து முகர்ந்து அவள் மூக்கு எப்போதோ செத்துவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கீழ்வீட்டு வரலட்சுமி மாடிப்படி ஏறி வந்தாள். கருவாடு விற்பவள். பிரசவத்துக்கு வந்திருக்கும் மகள் கீர்த்திக்கு அப்போது ஏழாவது மாதம்.

"யக்கா, உங்க கம்பெனில அடுத்த விசிட்டு என்னிக்குன்னு கேட்டுச் சொல்றியா? கீர்த்திக்கு வளையல் போடணும்."

"விசிட்டுக்கும் வளையலுக்கும் இன்னா சம்பந்தம்?"

"பெரிய ஆளுங்க வர்ற அன்னிக்குதான நாத்தம் இருக்காது. மத்த நாள்ல இவ சோத்தைப் பார்த்தாலே வாந்தி எடுத்துகினு கீறா. நாங்க துணிகூட அன்னிக்குதான் மாடில போடுவோம். தெருவே போடும். உனுக்குத் தெரியாதா?"

சில நாட்களில் மொட்டை மாடிகள் நிறைய துணி தொங்குவதை அன்புக்கரசி பார்த்திருக்கிறாள். அன்றைக்குத் தண்ணீர் லாரி வந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வாள்.

மறுநாள் கண்ணாடிக் கட்டடத்துக்குப் போகாமல் நேராக ஆலைக்குப் போனாள். அவள் நொதிக்காகக் கட்டிய கலம் பிளாஸ்டிக் உறை போட்டு நின்றது. போன விசிட்டில் சாத்திய சாமந்தி மாலை அதன் கழுத்தில் காய்ந்து கருகிக் கிடந்தது. பக்கத்தில் பழைய அமிலக் கலம் கொதித்துக்கொண்டிருந்தது.

ஜெயவேலுக்குக் கொஞ்சம்கூடக் கூச்சம் இல்லை. "பழசுல வேலை சீக்கிரம் முடியுது மேடம். உங்களுது உற்சவர் மாதிரி. விசேஷத்துக்கு வெளிய எடுப்போம். வர்ற வியாழக்கிழமை சுத்தமான ஆலைக்கு அவார்டு குடுக்கிற கமிட்டி வருது, நீங்க ரெண்டு வார்த்தை பேசணும்."

அவரை அவள் எப்போதோ துச்சமாக எடைபோட்டாயிற்று. அன்றைக்குக் காறித் துப்பத் தோன்றியது தன்மேல்தான். போடாத செருப்பு தேயவில்லை என்று கட்டுரை எழுதியிருக்கிறாள்.

இருக்கிற மணிகளைத் திரும்ப எடுத்துக்கொண்டு, இனிமேல் ஒன்றுகூடத் தரக்கூடாது என்று முடிவெடுத்தாள். வீடு திரும்பும்போதே அது தளர்ந்துவிட்டது. நொதி இல்லையென்றால் விசிட் நாளிலும் அமிலம்தான் கொதிக்கும். கீர்த்தி சாப்பிடுகிற ஒரு நாளும் போய்விடும். ஆலை வாசலில் போய்க் கத்தாமல் துணி காயப்போட நாள் பார்க்கிற தெருவின்மேல் எரிச்சலாக வந்தது. தானும் அதே தெருக்காரி, நாள்கூடப் பார்க்கத் தெரியாதவள் என்பது உறைத்ததும் எரிச்சல் தன் பக்கமே திரும்பியது.

வியாழக்கிழமை கமிட்டி வந்தது. ஜெயவேல் அவர்களை ஆலையின் மாடிக்கு அழைத்துப்போய்ச் சுற்றியுள்ள தெருக்களைக் காட்டினார். எல்லா மாடியிலும் புடவை, லுங்கி, பள்ளிச் சீருடை. "நம்ம காத்தை நம்பித்தான் சார் மக்கள் துணி காயப்போடறாங்க" என்றார். கமிட்டித் தலைவர் உருகிப்போனார். கேடயத்தை நீட்டினார். அன்புக்கரசியிடம் மைக் வந்தது.

"தலைவர் ஐயா அந்த மாடிகளைப் பார்த்தீங்க. எங்க நொதி ஓடுற வரைக்கும் அங்க துணி காயும். ஓடலைன்னா ஒரு கைக்குட்டைகூட இருக்காது. அதனால நீங்க எங்களுக்குச் சொல்லிட்டு வரணும்னு இல்லை. வருஷம் முழுக்க, என்னிக்கு வேணும்னாலும், சொல்லாம வந்து மாடியைப் பாருங்க. கம்பெனி சார்பா அழைக்கிறேன்."

தலைவர் மகிழ்ந்துபோய்ப் பத்திரிகைக்காரர்கள் பக்கம் திரும்பினார். "கட்டாயம் வருவேன். துணி இல்லேன்னா கேடயத்தைத் திருப்பி எடுத்துட்டுப் போயிடுவேன்" என்று சிரித்தார். புகைப்படம் எடுத்தார்கள். ஜெயவேல் மட்டும் கைதட்டுவதை நிறுத்தியிருந்தார்.

கீழே இறங்கும்போது அவர், "என்ன மேடம் இப்படிப் பண்ணிட்டீங்க" என்றார்.

"உற்சவரை தினம் வெளிய எடுங்க" என்றாள்.

மறுநாள் காலையில் மாடிகளில் பெண்கள் ஈரத்துணி வாளியோடு மூக்கை உயர்த்தித் தயங்கி நின்றார்கள். வரலட்சுமியும் நின்றாள். "இன்னிக்கும் யாராச்சும் வர்றாங்களா யக்கா?"

"வரலாம். என்னிக்குன்னு யாருக்கும் தெரியாது."

"அப்போ கீர்த்திக்கு என்னிக்கு வெச்சிக்கிறது?"

என்றைக்கு வேண்டுமானாலும் என்று சொல்ல அவளுக்கும் ஆசைதான். "சீக்கிரம் வெச்சிக்கோ. இவனுங்க பயம் ரொம்ப நாள் தாங்காது" என்றாள்.

வரலட்சுமி புடவையை உதறிக் கொடியில் போட்டாள். அடுத்த மாடியிலும் ஒருத்தி போட்டாள்.

வளையல் போட்ட அன்று கீர்த்தி எலுமிச்சைச் சாதத்தை இரண்டாவது தடவை வாங்கிச் சாப்பிட்டாள். அன்புக்கரசி இலைப் பக்கத்தில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தபோது ஜெயவேலிடமிருந்து போன் வந்தது. குரலில் அவ்வளவு கடுப்பு.

"மேடம், உங்க மணி செத்துப்போச்சு. புதுசு அனுப்புங்க."

அந்த வாரமே, தன் நொதி தேயாது என்று தான் எழுதிய கட்டுரை தவறு, அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று பத்திரிகைக்கு எழுதினாள். இத்தனை நாள் கழித்து எப்படித் தெரிந்தது என்று ஆசிரியர் கேட்டிருந்தார்.

"இப்போதுதான் ஓட்டினார்கள்" என்று பதில் போட்டாள்.