மருந்தாய்வில் எங்கள் அக்கா

அக்காவின் ஆண்டுத் திவசத்துக்கு வந்திருக்கும் உறவினர்களே, நண்பர்களே, உங்களில் பலருக்கு அவர் துறைமுகத்தடிச் சாப்பாட்டுக்கடை அக்காவாகத்தான் தெரிந்தவர். மீன் இறக்க வந்தவர்களும் கச்சேரியில் அரசாங்க அலுவல் பார்க்க வந்தவர்களும் அவருடைய இடியப்பத்தையும் சொதியையும் மறந்திருக்கமாட்டார்கள். அவர் செய்த இன்னொரு காரியம் பலருக்குத் தெரியாது. அதை இந்த நினைவுமலரில் எழுதும் பொறுப்பைத் தங்கையாகிய நான் ஏற்றுக்கொண்டேன்.

அக்கா சம்பூரில், வயல் செய்யும் ஒரு கமக்காரக் குடும்பத்தில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அத்தானைக் கைப்பிடித்து, மகள் பிறந்து, வீடு கட்டி முடித்த காலத்தில் போரால் இடம்பெயர்வு வந்தது. கிளிவெட்டி முகாமில் கொஞ்சக்காலம் இருந்துவிட்டுத் திருகோணமலை நகரத்துக்கு வந்தார்கள். அங்கேதான் கடையைத் தொடங்கினார்கள். பட்ட கஷ்டங்களை அக்கா எங்களிடம் முறையிட்டதில்லை. அடுப்படி வெக்கையைப் பற்றி மட்டும் அடிக்கடி குறைபட்டுக்கொள்வார்.

மகளின் திருமணம் முடிந்த கையோடு அக்காவுக்குச் சிறுநீரக வருத்தம் இருப்பது தெரியவந்தது. மேல்சிகிச்சைக்காக மலைநாட்டிலுள்ள ஒரு பல்கலைக்கழக மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு புதிய மருந்தைப் பற்றிய ஆய்வு நடந்துகொண்டிருந்தது. சிறுநீரகம் பழுதாகும் வேகத்தை அது குறைக்குமா என்று பார்த்தார்கள். பெண் வைத்தியர் ஒருவர் எங்களை இருத்தித் தமிழில் விளங்கப்படுத்தினார்.

"அரைவாசிப் பேருக்கு மருந்துள்ள மாத்திரை, மற்ற அரைவாசிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் குளிசை. உங்களுக்கு எது வரும் எண்டு எனக்கே தெரியாது அம்மா. வழமையான சிகிச்சை எல்லாருக்கும் நடக்கும். விருப்பமில்லாட்டி எப்பவும் விலகலாம்."

அத்தான் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். "மனுசரை வைச்சுப் பரிசோதிக்கிறதோ? வா, போவம்."

"பொறுங்கோ," என்ற அக்கா, வைத்தியரைப் பார்த்துக் கேட்டார். "குணமாகும் எண்டு ஒரு சொல்லும் நீங்கள் சொல்லேல்லையே டொக்டர்?"

"சொல்ல ஏலாது அம்மா. அது தெரிஞ்சிருந்தா இந்த ஆய்வே தேவையில்லை."

அந்தப் பதில் அக்காவுக்குப் பிடித்துவிட்டது. வீட்டுக்கு வந்து யோசித்தார், மகளோடு கதைத்தார். "எங்கட பக்கத்தில வயலுக்குப் போற எத்தினை பேருக்கு இந்த வருத்தம்! ஆராவது ஆய்வில இருந்து பார்த்தாத்தானே தெரியும்," என்றார். அடுத்த முறை போய், ஆய்வில் சேர ஓம் என்று சம்மதம் சொன்னார். அதன்பின் ஒரு தவணையும் தவறவிடவில்லை. விடியற்காலை பஸ் ஏறி, இரத்தம் கொடுத்து, கால் வீக்கத்தோடு திரும்பி வருவார். அத்தானும் முணுமுணுத்தபடியே கூடப் போவார்.

அந்த ஆய்வில் கிண்ணியாவைச் சேர்ந்த ஒரு சகோதரியும் இருந்தார். ஒருநாள் கிளினிக் வாசலில் அவர் அழுதுகொண்டு நின்றார். "இந்தக் குளிசை எனக்குப் பயமா இருக்கு அக்கா. விட்டா கிளினிக்கிலயும் பார்க்கமாட்டாங்களோ எண்டு அதைவிடப் பயம்."

அக்கா அவருடைய கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார். மேசையடியில் இருந்த இளம் உத்தியோகத்தர் சலித்துக்கொண்டார். "இவ்வளவு தூரம் வந்திட்டு இப்ப விடப்போறீங்களோ? எங்கட வேலையெல்லாம் வீணாப்போகும்."

அக்கா குரலை உயர்த்தவில்லை. "விருப்பமில்லாட்டி விலகலாம் எண்டு சொல்லித்தானே தம்பி எங்களைச் சேர்த்தனீங்கள்? நான் இருக்கப்போறன். அது என்ர விருப்பம். இவ போகப்போறா. அது இவவின்ர விருப்பம்."

சத்தம் கேட்டு வந்த வைத்தியர், அக்கா சொல்வதே சரி என்று கூறி, அந்தச் சகோதரியிடம் மன்னிப்பும் கேட்டார். அன்றே அவரைப் பரிசோதித்து, வழமையான கிளினிக்கில் தொடர்ந்து பார்ப்பதாக உறுதி சொன்னார். அப்படியே பார்த்தார்கள். அக்கா கடைசிவரை ஆய்வில் இருந்தார்.

ஆய்வு முடிந்ததும் முடிவைச் சொல்ல எங்களைக் கூப்பிட்டார்கள். மருந்து வேலை செய்தது. ஆனால் அக்காவுக்குக் கிடைத்தது வெறும் குளிசை. இனி அந்த மருந்தைக் கொடுத்தாலும் பயனில்லாத அளவுக்கு அவருடைய சிறுநீரகம் பழுதாகியிருந்தது. வைத்தியர் அதைச் சொல்லும்போது கண் கலங்கினார்.

"ஏமாத்திப்போட்டினம் அக்கா," என்று நான் பஸ்ஸில் அழுதேன்.

"ஏமாத்தேல்லையடி. ரெண்டில ஒண்டு எண்டு முதலே சொன்னவை. வெறும் குளிசை குடிச்ச ஆக்கள் இல்லாட்டி, மற்றது வேலை செய்யுதெண்டு எதை வைச்சுச் சொல்லுறது?"

வீட்டுக்கு வந்து அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். "எனக்கு மற்றது வந்திருக்கலாமே," என்று ஒருமுறை சொன்னார். பிறகு ஒருநாளும் அதைச் சொல்லவில்லை. மறுநாள் காலை கடையில் புட்டு அவித்துக்கொண்டிருந்தார்.

பின்னர் இரத்தச் சுத்திகரிப்புத்தான் வாழ்க்கையாயிற்று. கடைக்குப் போக ஏலாத நிலை வந்தபோது ஒருநாள் கிண்ணியாச் சகோதரி வீடு தேடி வந்தார். புதிய மருந்தைக் கிளினிக்கில் அவருக்கும் எழுதிக் கொடுத்திருந்தார்கள். கட்டிலருகே இருந்துகொண்டு அவரால் நிமிர்ந்து பார்க்கவே முடியவில்லை.

"நான் விட்டிட்டுப் போனனான் அக்கா. நீங்கள் இருந்தனீங்கள். இப்ப நான் அதைக் குடிக்கிறன்."

"குடி," என்றார் அக்கா. "நேரத்துக்குக் குடி. அதுக்குத்தானே இவ்வளவும். சாப்பிட்டிட்டியோ?"

அதற்குப் பின் அதிக காலம் அக்கா எங்களோடு இருக்கவில்லை. அத்தானும் மகளும் அருகில் இருக்க, நோவில்லாமல் கண்மூடினார்.

அக்காவைக் கவனித்த வைத்தியர்களுக்கும், தாதிகளான மிஸ்ஸிமாருக்கும், இரத்தம் தந்தவர்களுக்கும், கடையை மூடவிடாமல் நடத்தித் தந்த அயலவர்களுக்கும், இறுதிக் கிரியைகளில் தோள்கொடுத்த எல்லோருக்கும் எங்கள் குடும்பம் நன்றியோடு தலைவணங்குகிறது. இன்னும் ஒரு நன்றி உண்டு. அதே ஆய்வில் அக்காவோடு இருந்த, எங்களுக்குப் பெயரும் ஊரும் தெரியாத எல்லோருக்கும் அது உரியது. உங்களில் யாருக்கு எந்தக் குளிசை கிடைத்ததென்று நாங்கள் அறியோம். இரண்டு பக்கத்தாரையும் அக்கா ஒரே பந்தியில் இருத்திச் சோறு போட்டிருப்பார்.