ஒற்றைக் கண் மை

என் வீட்டுக்காரரின் அக்காவுக்கு இன்று வலது கண் தெரியவில்லை. அதற்குப் பாதிக் காரணம் வியாதி, பாதிக் காரணம் நான். இது எங்கள் இரண்டு பேருக்கும் மட்டும்தான் தெரியும்.

பருத்திப்பட்டில் ஒரே வீடு. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரே கம்பெனியில் பேக்கிங் வேலை, ஒரே வேன். அவள் புருஷனை இழந்தவள். கம்பெனியில் நடந்த கண் முகாமில், வலது கண்ணில் அழுத்தம் ஏறியிருக்கிறது என்றதும் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனவளும் நான்தான். அழுத்தத்தைக் குறைக்கும் புரோஸ்டாகிளாண்டின் வகைச் சொட்டு மருந்து எழுதினார். ராத்திரியில் ஒரே ஒரு சொட்டு. மறந்துவிட்டோமே என்று மறுநாள் இரண்டாக விடக் கூடாது, அதிகம் விட்டால் பலன்தான் குறையும். பிரிக்காத குப்பி ஃபிரிட்ஜில் இருக்க வேண்டும். "கண்ணு செவக்கலாம். இமை முடி நீளமா, கருப்பா வளரும். பயந்துட்டு நிறுத்திடாதீங்க. ஏற்கெனவே கொஞ்சம் பார்வை போயிருக்கு, போனது திரும்பாது" என்றார். அவள் மிரண்டுபோய்த் தலையை மட்டும் ஆட்டினாள். காதில் வாங்கிக்கொண்டவள் நான்.

சில மாதங்களில் வலது இமையில் முடி அடர்ந்து வளைந்துவிட்டது. அந்த ஒரு கண்ணுக்கு மட்டும் அப்படியொரு அழகு. எனக்கு வயிறு எரிந்தது, மறைப்பானேன். போதாக்குறைக்கு, எனக்கு லீவு இல்லை என்ற சூப்பர்வைசர் அவளுக்கு மட்டும் கொடுத்திருந்தான்.

அந்தச் சமயத்தில் ஒரு நாள் காலை வேனில் ஒருத்தி, "இன்னாக்கா, ஒத்தக் கண்ணுக்கு மட்டும் மை வச்சிகினு வந்துகீற?" என்று சும்மாதான் கேட்டாள். நாத்தனார் திரும்பி என்னைப் பார்த்தாள். மருந்துதான் காரணம் என்று நான் சொல்லிவிடுவேன் என நம்பிப் பார்த்தாள்.

"அத்த அவங்களாண்டயே கேளு. புருசன் போயி எட்டு வருசம் ஆவுது, யாருக்குக் காட்ட மை?" என்றேன்.

வேனே சிரித்தது. டிரைவர்கூடக் கண்ணாடியில் அவளைப் பார்த்தார்.

அதன் பிறகு புதுக் குப்பி சீல் உடையாமல் ஃபிரிட்ஜ் கதவிலேயே நின்றது. தினமும் பால் எடுக்கும்போது பார்த்தேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் வேன் பேச்சும் வெளியே வரும் என்று கதவைச் சாத்தினேன். இமை முடி பழையபடி ஆனது. வலி எதுவும் இல்லாததால் அவளும் நிம்மதியாகத்தான் இருந்தாள். ஒரு வருடம் கழித்து, வலப்பக்கம் வந்த தள்ளுவண்டியில் மோதி விழுந்தாள். டாக்டர் பரிசோதித்துவிட்டு என்னிடம்தான் கேட்டார்: "ஏம்மா, உங்ககிட்ட சொல்லித்தானே அனுப்பினேன்?"

இப்போது இடது கண்ணிலும் அழுத்தம். அதே மருந்து. அவளுக்குக் கை நடுங்குவதால் நான்தான் விடுகிறேன். விட்டதும் மூக்கோரமாக ஒரு நிமிடம் விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். இந்த இமையிலும் முடி வளர ஆரம்பித்துவிட்டது. நேற்று என் விரல் கண்ணோரம் இருக்கும்போதே அவள் மெதுவாகச் சொன்னாள்:

"எனக்குக் கீறது இந்த ஒரு கண்ணுதான். நாளிக்கி வேன்ல எவளாவது மை இன்னான்னு கேட்டா, நீயே சொல்லிடும்மா. நீ சொன்னா எல்லாம் நம்புவாளுங்க."