தடுமாறிய மந்திரம்

என் கணவர் கடலுக்குப் போகும்முன், புன்னைக்காயல் கரையில் நின்று மாதாவை வேண்டி அருள்நிறை மந்திரம் சொல்லி அனுப்புவேன். ஒரு வார்த்தை தடுமாறினாலும் வள்ளம் கவிழ்ந்துவிடும் என்று மனசு மிரட்டும். மறுபடி முதலிலிருந்து தொடங்குவேன். மற்ற வள்ளங்கள் போய்விடும். அவர் மட்டும் காத்து நிற்பார்.

“இது பக்தி இல்லம்மா, ஓசிடிங்கிற நோய். தடுமாறினாலும் திரும்பச் சொல்லாதீங்க” என்றார் நாங்கள் இருவரும் போய்ப் பார்த்த தூத்துக்குடி மனநல மருத்துவர்.

மறுநாளும் தடுமாறினேன். “இன்னொரு தடவ சொல்லிக்கிடுதேன்” என்று கெஞ்சினேன்.

“வேண்டாம்ளா, போயிட்டு வாரேன்” என்று வள்ளத்தைத் தள்ளிவிட்டார்.

அன்று அடுப்பே பற்றவைக்கவில்லை. கரையிலேயே கிடந்தேன். சாயங்காலம் மீன்கூடையோடு இறங்கியவர் மெதுவாகச் சொன்னார்: “எனக்கும் பயமாத்தான்ளா இருந்துச்சு.”

இப்போதும் நாக்கு தடுமாறுகிறது. அவர் காத்திருப்பதில்லை. இத்தனை வருஷம் எனக்காக நின்றதைவிட, அன்று பயந்துகொண்டே போனாரே, அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.